கிருஷ்ணாயிலில் கரைந்த துரை

பத்து வயதில் நான் ஒரு வெள்ளைக்காரரின் முகத்தை அழித்திருக்கிறேன். சுதந்திரப் போராட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது முடிந்து, வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய், அதற்கப்புறம்தான் என் அம்மாவே பிறந்தாள். நான் அழித்தது ஆயுத பூஜைக்காக. ஒரு கை பஞ்சும் அரை டம்ளர் கிருஷ்ணாயிலும் போதுமானதாக இருந்தது.

இதை எழுதும்போதும் உள்ளங்கை ஈரமாகிறது. ஐம்பது வயதைத் தொட்டவன், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறவன். ஆனாலும் யார் வீட்டுச் சுவரிலாவது சட்டம் போட்ட படம் கொஞ்சம் தூசியோடு தெரிந்தால், இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். மரியாதை தெரிந்த மனிதர் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ராயபுரத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில், ரயில் தண்டவாளத்துக்கும் துறைமுக மதிலுக்கும் நடுவில் அந்த நூலகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, வாசலை மறைத்துக்கொண்டு கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதால், தெரிந்தவர்கள் மட்டும் இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து போவார்கள். சிவப்புச் செங்கல் கட்டடம், ஏழு படிகள், வளைவு வைத்த வாசல். உள்ளே போனால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள், சுழலும்போது பேசுகிற விசிறி ஒன்று, எதிர்ச் சுவரில் தங்க முலாம் உதிர்ந்த சட்டத்துக்குள் துரை. அவருக்கு ஒரு பெயர் உண்டு. சட்டத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. துரை என்றால் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

துரையின் வரலாறு மூன்று விதமாகப் புழங்கியது. நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த லைப்ரரி சார் சொல்வது முதலாவது: துரை துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்தவர், கப்பல் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் சாராயக்கடைக்குப் போகாமலிருக்க இந்தப் படிப்பகத்தைக் கட்டினார், புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரவழைத்தார், ஊருக்குத் திரும்பும்போது கட்டடத்தை இங்குள்ளவர்களுக்கே விட்டுவிட்டுப் போனார். இரண்டாவது என் அப்பா சொல்வது. அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். துரைக்கு வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடியவில்லை, அதனால் ஊர் முழுக்க வீடு இருந்தும் தனியாக ஒன்று கட்டிக்கொண்டார் என்பது அவர் கட்சி. சொல்லிவிட்டு அம்மாவைப் பார்ப்பார். மூன்றாவது, பக்கத்துக் கிடங்குக்காரருடையது. துரையாவது கிரையாவது, அது எங்கள் தாத்தாவின் உப்புக் கிடங்கு, வெள்ளைக்காரன் சும்மா குடியிருந்தான் என்று அவர் கோர்ட்டில் வழக்கே போட்டிருந்தார்.

முதல் இரண்டு வரலாறுகளால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றாவது ஜெயித்தால் நூலகம் காலி. லைப்ரரி சாரிடம் பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. துரை வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார். சார் ரயில்வே பார்சல் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், நூலகத்தின் பின்னறையில் கட்டில் போட்டுப் படுப்பவர். நூலகம் போனால் அவருக்குக் கட்டிலும் சேர்ந்து போகும்.

அதனால் சார் கடிதம் எழுத ஆரம்பித்தார். பழைய புத்தகம் ஒன்றின் முதல் பக்கத்தில் துரை தன் கையால் எழுதியிருந்த இங்கிலாந்து விலாசத்துக்கு, வருஷத்துக்கு இரண்டு கடிதம். செத்துப்போனவருக்குக் கடிதம் போடுகிறவர் என்று தெருவில் அவருக்குப் பெயரே உண்டு. ஒருநாள் பதில் வந்தது. எழுதியவர் துரையின் பேத்தி. அவருக்கே எழுபது வயதாம். இந்தியாவைப் பார்க்க வருகிறாராம். இன்ன தேதியில் மெட்ராஸில் இருப்பாராம். கட்டடத்தை என் தாத்தா இந்த ஊருக்குத்தான் கொடுத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதில் தடையில்லையாம். கூடவே ஒரு கேள்வி. தாத்தாவின் படம் ஒன்று அங்கே இருந்ததாக வீட்டில் சொல்வார்கள், அது இன்னும் இருக்கிறதா, உண்மையில் அதைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று எழுதியிருந்தார்.

சார் அந்தக் கடிதத்தைத் தெருவில் எல்லாருக்கும் தமிழில் படித்துக் காட்டினார். படம் பற்றிய இடம் வரும்போது ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாட்சிகள் முன்னால் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டால் வழக்கு அதோடு படுத்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவர் வருவதாகச் சொன்ன தேதி ஆயுத பூஜை அன்று விழுந்தது. சாருக்கு அது தெய்வச் செயல். எனக்கு எப்படி ஆயிற்று என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் நூலகத்தில் ஆயுத பூஜைக்கு ஒரு முறை இருந்தது. புத்தகங்களுக்குப் பொட்டு வைப்பார்கள், துரைக்கும் மாலை போடுவார்கள். சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் துரைக்கும் உண்டு. மாதா கோயில் தெருக்காரர்கள் தங்கள் பங்குக்கு அவர் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். இத்தனை வருஷத்துப் புகையும், எதிரே ஓடிய கரி இன்ஜின் புகையும் சேர்ந்து, வெள்ளைக்காரராக வந்த துரை எங்களில் ஒருவராகவே மாறியிருந்தார். இரண்டு கண் இருப்பது தெரியும். மற்றதெல்லாம் அவரவர் நம்பிக்கை.

பூஜைக்கு முன்னால் சுத்தம் செய்வது சிறுவர்கள் வேலை. ஒருவனுக்கு உலக உருண்டை, ஒருவனுக்குச் சுவர்க் கடிகாரம், பெண்களுக்கு அலமாரிக் கண்ணாடி. துரையைத் துடைப்பது எல்லாவற்றிலும் பெரிய கௌரவம். அந்தந்த வருஷம் அதிகப் புத்தகம் எடுத்துப் படித்தவருக்குத்தான் அது கிடைக்கும். அந்த வருஷம் அதிகப் புத்தகம் எடுத்தவன் நான். படித்தவன் என்று சொல்லமாட்டேன். எடுத்துப் போவேன், அட்டைப் படத்தைப் பார்ப்பேன், மறுநாள் திருப்பிக் கொடுத்து வேறு எடுப்பேன். என்னடா இவ்வளவு வேகமா படிக்கிறே என்று சார் ஒருமுறை கேட்டபோது, அவசரமாக இருந்தது சார் என்று சொன்னேன்.

உலர்ந்த துணி, மெத்தென்று, மூன்று தரம், அவ்வளவுதான் என்று சார் சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் நான் ஃபிட்டர் மகன். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கூடை இருக்கும். அதை மண்ணெண்ணெயில், அதாவது கிருஷ்ணாயிலில் நனைத்துத் துடைத்தால் போகாத அழுக்கு உலகத்தில் கிடையாது என்பது எங்கள் குடும்பத்தின் மதம். சைக்கிள் செயின், மின்விசிறி, கடற்கரையில் காலில் ஒட்டுகிற தார், ஒருமுறை அக்காவின் தலைப்பேன். எல்லாம் அதற்குத்தான் அடங்கியது. ஆயுத பூஜைக்கு முன்தினம் அப்பா தன் ஸ்பேனர்களை அதில் குளிப்பாட்டி வெயிலில் காய வைத்தால் வெள்ளிபோல மின்னும். லண்டனிலிருந்து பேத்தி வருகிறார், அவர் தாத்தாவை இப்படிக் கரிச்சட்டியாகக் காட்டலாமா என்று எனக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். என் வாழ்க்கையில் நடந்த எல்லா விபத்தும் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது.

பூஜைக்கு மூன்று நாள் முன்பு. மத்தியானம் பன்னிரண்டு முதல் நான்கு வரை நூலகம் மூடியிருக்கும். சார் பின்னறையில் தூங்குவார். மற்ற பிள்ளைகள் காலையிலேயே தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஏணி போட்டு ஏறினேன். முதல் இழுப்பில் கோட்டுப் பொத்தான் ஒன்று தங்கமாக வெளியே வந்தது. எனக்குப் பரவசமாகிவிட்டது. இன்னொரு பொத்தான். காலர். அப்புறம் கன்னம், ரோஜா நிறத்தில் ஒரு கன்னம். துரை உள்ளேயிருந்து எழுந்து வருவதுபோல இருந்தது. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். ரோஜா நிறம் பஞ்சுக்கு வந்தது. விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். ஒரு பக்கம் இப்படி ஆனதால் மறுபக்கமும் சமமாக இருக்கட்டும் என்று தேய்த்தேன். கடல் காற்றில் ஏற்கெனவே வெடிப்புவிட்டிருந்த வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

பஞ்சைப் பார்த்தேன். பஞ்சில் துரை இருந்தார். சட்டத்தைப் பார்த்தேன். சட்டத்தில் கோட்டு இருந்தது.

ஏணியின் மேல் நின்றபடியே என் மிச்ச வாழ்க்கையைத் திட்டமிட்டேன். எண்ணூர் வரை நடந்து போய், அங்கிருந்து ஏதாவது கட்டுமரத்தில் ஏறி, வேறு தேசத்தில் வேறு பெயரில் வாழ்வது என்று முடிவு செய்தேன். நீச்சல் தெரியாது என்பது இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பின்னறையில் கட்டில் கிரீச்சிட்டது. மேஜை மேல் இருந்த வெள்ளை விரிப்பை உருவி, சட்டத்தின் மேல் போர்த்தி, கிருஷ்ணாயில் டம்ளரைச் சன்னலுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பினேன். சார் நின்றுகொண்டிருந்தார். அதை ஏன் மூடினாய் என்று கேட்டார். இப்போது யோசித்தாலும் அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தலைவர்கள் சிலையெல்லாம் துணி போட்டு மூடி வைத்துத் திறப்பார்களே சார், அதுபோல அந்த அம்மாவே வந்து திறக்கட்டும் என்றேன்.

சார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை புத்தகம் படிக்கிற பையனுக்குத்தான் இப்படித் தோன்றும் என்றார். கிருஷ்ணாயில் வாசனையைக்கூட, சட்டத்துப் பித்தளையைத் துலக்கியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு தட்டிக்கொடுத்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. திறப்பு விழா. நாற்காலி வாடகைக்குச் சொல்லியாயிற்று. மைக் செட். வக்கீல் வருகிறார். கிடங்குக்காரரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்கவேண்டும், அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று சார் சொன்னார். ஒருவருக்கும் தெரியாமல் முடிந்திருக்க வேண்டிய குற்றத்துக்கு நானே பந்தல் போட்டுவிட்டேன்.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஜுரமா என்று அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் தெய்வம் என் தாய்மாமாவின் உருவத்தில் வந்தது. தெய்வம் லுங்கி கட்டியிருந்தது, காதில் பீடி சொருகியிருந்தது. மாமா காசிமேட்டில் விசைப்படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். நல்வரவு போர்டு எழுத சார் அவரைத்தான் வரச் சொல்லியிருந்தார். பெயிண்ட் டின்களைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தபோது, நூலகத்துப் படியில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமாவுக்கு முதலில் புரியவே இல்லை.

"இன்னாடா சொல்ற. மூஞ்சி எங்க போச்சு?"

"பஞ்சுல கீது மாமா."

மாமா படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. அந்தக் கெழவர் எங்கடா போவாரு என்று பின்னறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

மத்தியானம் சார் தூங்கியதும் விரிப்பை விலக்கிப் பார்த்தார் மாமா. அப்புறம் விசாரணை தொடங்கியது. மீசை இருந்துச்சா. இருந்துச்சு. நல்லா தெரியுமா. தெரியாது. அப்ப இல்லியா. இருந்த மாதிரி இருந்துச்சு. தாடி? கறுப்பா இருந்துச்சு மாமா, தாடியா கரியான்னு தெரியல. மூக்கு? ஒண்ணு இருந்துச்சு. வருஷம் முழுக்க அந்தப் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு, கேட்கக் கேட்க அதில் ஒரு மனிதர் இருந்தாரா என்பதே சந்தேகமாகிவிட்டது.

"டேய், எனக்கு மீன் போட வரும், கழுகு போட வரும். மன்சன் மூஞ்சின்னா ஒண்ணே ஒண்ணுதான் வரும். அப்பால என்னைக் கேக்காத."

எது வந்தாலும் சரி என்றேன். சாரின் கதவுக்கு வெளியே உட்கார்ந்து குறட்டையைக் காவல் காப்பது என் வேலை. குறட்டை நின்றால் இருமவேண்டும். மூன்று மணி நேரத்தில் ஒன்பது முறை இருமினேன். அதில் ஏழு பயத்தில் வந்த நிஜ இருமல். மாமா போர்டை ஒரு பக்கமும் துரையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, படகுக்கு அடிக்கிற வெள்ளையையும் சிவப்பையும் குழைத்துக் குழைத்து இழுத்தார். பாதியில் எட்டிப் பார்த்தபோது அவர் முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, மிகப் பொறுமையாக ஒரு காதை வரைந்துகொண்டிருந்தார். நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.

முடித்தபோது துரை பளபளவென்று இருந்தார். கடலில் மிதக்க விடலாம்போல இருந்தார். கன்னத்தில் ஈரப் பெயிண்டில் கொசு ஒன்று ஒட்டிக்கொண்டது. எடுக்கப் போனேன். எடுத்தா கோடு விழும், மச்சம்னு நெனச்சிப்பாங்கோ, விடு என்றார் மாமா. எனக்கு என்னவோ இந்த மனிதரை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. ஆனால் பயத்தில் இருக்கிறவனுக்கு எல்லாரும் தெரிந்தவர்களாகத்தான் தெரிவார்கள். பெயிண்ட் வாசனைக்குப் போர்டு சாட்சி சொன்னது. மேலே படாமல் குச்சி வைத்து விரிப்பைப் பந்தல் மாதிரி போட்டுவிட்டு வந்தோம்.

ஆயுத பூஜை அன்று காலை ஒன்பது மணிக்கே நூலகம் நிரம்பிவிட்டது. பொரி, கடலை, வாழைப்பழம், புத்தகங்களின் மேல் சந்தனம். சார் பார்சல் ஆபீஸ் காலத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில், பேத்தி கையெழுத்துப் போடுவதற்காக வக்கீல் டைப் அடித்துக் கொடுத்த கடிதம். அதை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கிடங்குக்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். அம்மாவும் வந்திருந்தாள். அவள் அதுவரை நூலகத்துக்குள் நுழைந்ததே இல்லை. மாலைத் தட்டு என் கையில். யோசனை சொன்னவன் நான்தானே. துரைக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்று சார் உத்தரவு.

துரையின் பேத்தி ஒல்லியாக, உயரமாக, நீலப் பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு வந்தார். மைதா மாவு மூட்டை மாதிரி குண்டாக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்த கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஏழு படியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஏறினார். சார் இங்கிலீஷில் வரவேற்றார். அம்மாள் தலையசைத்துவிட்டு, நேராக விரிப்பைத்தான் பார்த்தார்.

இழுத்தார். விரிப்பு விழுந்தது. கைதட்டல் கேட்டது. அது பாதியிலேயே குறைந்துபோனது.

கோட்டு, காலர், தங்கப் பொத்தான்களுக்கு மேலே, முறுக்கிய மீசையும் விடைத்த பெரிய காதுகளுமாக, ரோஜா நிறத்தில் பார்த்துக்கொண்டிருந்தார் செத்துப்போன என் தாத்தா. அம்மாவின் அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மாமாவுக்கு வரையத் தெரிந்த அந்த ஒரே முகம். அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் விரல்கள் என் தோளில் இறங்கின.

"எங்க நைனாடா அது" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

தன் அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் மாமாவைத் தேடினேன். மாமா விசிறியை மிகுந்த ஆர்வத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார். சாரைப் பார்த்தேன். நாற்பது வருஷமாகத் தினமும் துரைக்குக் கீழே உட்கார்ந்தவர் அவர். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை சட்டைப்பைக் கடிதத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. முன்வரிசையில் கிடங்குக்காரர் காலைக் கீழே இறக்கினார்.

அம்மாள் படத்துக்கு இன்னும் ஓர் அடி நெருங்கினார். கைப்பையைத் திறந்து பழுப்பேறிய புகைப்படம் ஒன்றை எடுத்தார். அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். அவர் இடுப்பு உயரத்தில் நின்ற எனக்கும் அது தெரிந்தது. அதே கோட்டு, அதே பொத்தான்கள். மேலே மீசையே இல்லாத, வழுக்கை விழுந்த, மூக்குக்கண்ணாடி போட்ட, சுண்டெலி மாதிரி ஒரு மனிதர். மீசை இருந்த மாதிரி இருந்தது என்று மாமாவிடம் சொன்னவன் நான்.

முடிந்தது என்று தெரிந்துவிட்டது. சாரின் கட்டில் தெருவில் கிடப்பதும், அலமாரிகள் உப்பு மூட்டைகளாக மாறுவதும் கண்ணில் ஓடின. என் கையிலிருந்த தட்டு சரிந்து மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. அம்மாள் குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். மறுபடி என்னை. ஒரு விரலால் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார், அதே விரலால் என் முகத்தைக் காட்டினார், மெதுவாக இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

கார்ப்பரேஷன் பள்ளியில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மூன்று வார்த்தை. யெஸ், நோ, பிரசன்ட். படத்தைக் காட்டி என்னைக் காட்டினால் வேறென்ன அர்த்தம். நீதானே இந்த வேலையைச் செய்தது என்று கேட்கிறார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மூன்று நாளாகப் பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருந்தேன்.

"யெஸ்" என்றேன்.

போலீஸ் வரும் என்று எதிர்பார்த்தேன். அம்மாள் கை நீட்டி என் காதைத் தொட்டார். திருகப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திருகவில்லை. விடைத்த என் காது மடலை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துப் பார்த்தார், சுவரிலிருந்த காதைப் பார்த்தார், விட்டுவிட்டார். பிறகு புகைப்படத்தை என் தட்டில், மாலைக்குப் பக்கத்தில் வைத்தார். நிமிர்ந்து சாரிடம் பேனா கேட்டார்.

சார் பேனாவோடு கடிதத்தையும் நீட்டினார். அம்மாள் மேஜைக்கருகே நின்று நிதானமாகப் படித்தார், கையெழுத்துப் போட்டார், வக்கீல் காட்டிய இடத்தில் இன்னொன்று போட்டார். நிமிர்ந்து சுவரைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லாரும் சாரின் வாயைப் பார்த்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாத்தாவை நல்லா வெச்சிருக்கீங்கன்னு சொல்றாங்க."

கைதட்டல் இந்த முறை முழுதாக வந்தது. கிடங்குக்காரர் பொரியைக்கூட வாங்காமல் எழுந்து போனார். அப்பா விசில் அடித்தார். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. கையெழுத்து ஆகிவிட்டது, சரி. ஆனால் சாட்சி என் தட்டில் இருக்கிறது. வக்கீலோ வேறு யாரோ இதைப் பார்த்தால்? அம்மாளே நினைவு வந்து இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்த்தால்? மாலையை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, புகைப்படத்தைச் சட்டைக்குள் டவுசர் வாருக்கு அடியில் சொருகிக்கொண்டேன். மாலையை அம்மாதான் ஏணியில் ஏறி துரைக்குப் போட்டாள். அதற்கு அத்தனை நேரம் ஏன் எடுத்துக்கொண்டாள், மேலே ஏறி அந்தக் கன்னத்தில் ஒட்டியிருந்த கொசுவை எதற்கு நகத்தால் அவ்வளவு கவனமாக எடுத்தாள் என்பதெல்லாம் எனக்குப் பிடிபடவில்லை. என் வயிற்றில் ஒரு வெள்ளைக்காரர் குத்திக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா மாமாவைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மாமாவுக்கு இரண்டாவது தடவை மீன் போட்டாள். அந்தப் புத்தகப் பெட்டியெல்லாம் படகிலிருந்து எங்க நைனாதான் தூக்கியாந்தாராம், ஏழாவது படியில எறக்கி வெச்சிட்டு அப்படியே திரும்பிடணுமாம், உள்ளே என்ன கீதுன்னு கடைசிவரைக்கும் பாத்ததில்லையாம் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு வேற மூஞ்சி வராதுக்கா என்றார் மாமா. அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். யாரும் அடிக்கவில்லை என்பதே எனக்குப் பெரும் குழப்பமாக இருந்தது.

வழக்கு அந்தக் கடிதத்தோடு படுத்துவிட்டது. சார் கடைசிவரை அந்தக் கட்டிலிலேயே படுத்தார். படத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடுத்த வருஷம் துடைக்கிற வேலையைக் கடிகாரம் துடைத்த பையனுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். அம்மா ஆயுத பூஜைதோறும் தன் கையால் மாலை கட்டி எடுத்துப் போக ஆரம்பித்தாள். அவளுக்குப் புத்தகங்களின் மேல் திடீரென்று பிரியம் வந்துவிட்டதாக நான் வெகுகாலம் நம்பினேன்.

அம்மாள் கிளம்பியதைச் சொல்லவில்லையே. காருக்குள் உட்கார்ந்ததும் கண்ணாடியை இறக்கி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். பார்வை நேராக என் கைக்கு வந்தது. புகைப்படம் எங்கே என்று கேட்கப்போகிறார். தட்டு இல்லை, மாலை இல்லை, இரண்டு கையும் காலி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சட்டைக்குள்ளே ஒரு மூலை தொப்புளில் குத்தியது. அது வெளியே புடைத்துக்கொண்டு தெரிந்திருக்கவேண்டும். அவர் பார்வை அங்கே ஒரு கணம் நின்றது. அப்புறம் சிரித்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை மாதம் தபால்காரரைக் கண்டாலே ஒளிந்தேன் என்று கணக்கில்லை. புகைப்படத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும், போலீஸ் வரும், கப்பல் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தன் தாத்தாவைத் திருடியவனைப் பார்த்து அந்த அம்மாள் ஏன் சிரித்தார் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். பெரியவர்கள் கையில் ஒன்றைக் கொடுத்தால் அது பிடித்துக்கொண்டு நிற்பதற்கு என்று மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. வைத்துக்கொள்வதற்கும் கொடுப்பார்கள் என்பது தெரியாது.